தையல் டீச்சர் செய்த கார்

டீச்சரை நான் முதலில் பார்த்தது ஒரு சாவு வீட்டில். நீடாமங்கலம் வேளாண்மை அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம் அது. கூட வேலை பார்ப்பவரின் அப்பா இறந்துவிட்டார் என்று அலுவலகத்தில் எல்லோரும் மாலை வாங்கிக்கொண்டு போயிருந்தோம். பெரியவரைக் கண்ணாடி மூடிய ஃப்ரீசர் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் பெட்டியின் கால்மாட்டில் குந்தியிருந்தார். அவரும் அழுதிருந்தார், கன்னம் இன்னும் காயவில்லை. ஆனால் பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்த ஆளிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“கரண்டு போயிருச்சுன்னா உள்ள குளிர் எவ்வளவு நேரம் தாங்கும் தம்பி?”

அவன் ஏதோ சொன்னான். இவர் விடவில்லை. மூடியைத் திறந்து மூடினால் எவ்வளவு குளிர் வெளியே போகும், பெட்டி வெயிலில் இருந்தால் கரண்டு கூடுதலாக இழுக்குமா, இழுத்தால் அந்தச் சூடு எங்கே வெளியேறும் என்று கேட்டுக்கொண்டே போனார். துக்க வீட்டுப் பெண் ஒருத்தி திரும்பி முறைத்தாள். முறைத்தது அவருக்குத் தெரியவே இல்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்து போய், பந்தல்காரர்களைக் கூப்பிட்டு மேற்குப் பக்கம் ஒரு படுதாவை இழுத்துக் கட்டச் சொன்னார். அப்போதுதான் நாங்கள் கவனித்தோம், அதுவரை பெரியவரின் முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் வாடகைக்கு வீடு தேடிப் போனபோது கதவைத் திறந்தவர் அவர்தான். கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் தையல் ஆசிரியை. ஊருக்கே டீச்சர். கீழ் வீட்டில் அவரும் அவர் கணவரும், மாடியில் நான். என் கணவருக்குச் சென்னையில் வேலை, மாதம் இரண்டு முறை வந்துபோவார். சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன் டீச்சர் என்னிடம் கேட்டது முன்பணத்தைப் பற்றி அல்ல. நீங்கள் வேளாண்மைத் துறைதானே, விதைநெல்லை ஊறப்போட்டால் மூட்டைக்குள் கை பொறுக்காத அளவுக்குச் சூடு வருகிறதே, அந்தச் சூட்டை நெல் எங்கிருந்து எடுக்கிறது என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நிலைப்படியில் நின்றபடியே அரை மணி நேரம் பேசினோம். வாடகை எவ்வளவு என்பதை உள்ளேயிருந்து அவர் கணவர்தான் குரல் கொடுத்துச் சொன்னார்.

அந்தக் கணவரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். நெல் கொள்முதல் நிலையத்தில் பில் கிளார்க்காக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். அதிகம் பேசாதவர். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, வேலைக்குக் கிளம்புகிறவர் போலவே போர்ட்டிகோவில் வந்து உட்காருவார். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்துவிட்டு மறுபடியும் முதல் பக்கத்துக்கு வருவார். வாலிப வயதில் கார் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கி, அதை விடாமல் புதுப்பித்தும் வந்தார். கார் மட்டும் வாங்கியதில்லை. ஓய்வு பெற்றதும் பழைய கார் ஒன்று பார்த்து வைத்திருந்தாராம். அது லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று டீச்சர் கேட்டார். விற்பவர் சொன்ன பதிலை நம்பாமல் நேரில் போய் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். சொன்ன அளவு ஓடவில்லை. அத்தோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

டீச்சருக்குக் கார் செய்ய வேண்டும் என்ற நினைப்பு வந்தது ரயில்வே கேட்டில். எங்கள் ஊர் கேட்டைப் பற்றித் தஞ்சாவூர்ப் பக்கம் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். மன்னார்குடி ரயிலுக்கு எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டுவதற்காக அடைத்தால், பஸ், லாரி, கார் எல்லாம் கடைத்தெரு வரை வரிசை கட்டி நிற்கும். இந்தப் பாதைக்கு மேலே மின்கம்பி வராத காலம் அது, எல்லாமே டீசல் எஞ்சின்கள். ஒருநாள் தஞ்சாவூரில் டீச்சரின் சர்ச் சபையார் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு நாங்கள் மூவரும் வாடகைக் காரில் திரும்பும்போது கேட்டில் மாட்டிக்கொண்டோம். டிரைவர் எஞ்சினை அணைக்கவில்லை.

நிற்கிற வண்டி எதற்காக டீசல் குடிக்க வேண்டும் என்று டீச்சர் கேட்டார். ஏசிக்காக என்றான் டிரைவர். ஏசியை அணைக்கச் சொன்னார். அணைத்தான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் அதைவிடக் கூடச் செலவாகும் என்றான். யார் சொன்னது என்று கேட்டார்.

“எல்லாரும் சொல்றதுதாங்க.”

டீச்சரிடம் சொல்லக் கூடாத பதில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். உடனே கதவைத் திறந்து இறங்கிவிட்டார். கேட்டுக்கு அந்தப் பக்கம் ரயில் எஞ்சின் மெல்ல உறுமிக்கொண்டு நின்றது. இவர் வேலியோரம் போய் நின்று, மேலே ஜன்னலில் கை ஊன்றியிருந்த எஞ்சின் டிரைவரோடு பேசத் தொடங்கினார். வெயிலில் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு அண்ணாந்து பேசுவது தெரிந்தது. முன்சீட்டில் இருந்த சார் கண்ணை மூடிக்கொண்டார். கேட் திறந்து, பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்த பிறகுதான் டீச்சர் ஓடிவந்து ஏறினார்.

“மேடம், அந்த எஞ்சின்ல டீசல் சக்கரத்தச் சுத்தலையாம். டீசல் கரண்டு செய்யுதாம். கரண்டுதான் சக்கரத்தச் சுத்துதாம். அவ்வளவு பெரிய ரயிலுக்குச் செய்யுறப்ப ஒரு சின்னக் காருக்கு ஏன் செய்யக் கூடாது?”

வீடு வந்து சேரும் வரை அதையே பேசினார். கேட்டில் நிற்கும்போது எஞ்சின் அணைந்திருக்கும். வரிசை நகர்ந்தால் கரண்டில் ஊர்ந்துகொள்ளலாம். எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஒரே சீராக, மோட்டார் கொட்டகையில் ஓடுவது போல ஓடும். இறங்கும்போது சார், போர்ட்டிகோவை அடைத்துவிடாதே என்றார்.

போர்ட்டிகோதான் அடைபட்டது. காயலான் கடையிலிருந்து எஞ்சின் வெந்துபோன ஒரு சின்னக் காரின் கூடு வந்தது. விபத்தில் நசுங்கிய லோடு ஆட்டோ ஒன்றின் டீசல் எஞ்சின் வந்தது. பேட்டரி ரிக்‌ஷாவின் மோட்டாரும் பேட்டரிகளும் திருச்சியிலிருந்து வந்தன. எல்லாம் சேர்ந்து இரண்டு கறவை மாட்டு விலைக்குள் அடங்கிவிட்டது என்று பெருமையாகச் சொன்னார். கடைத்தெரு வெல்டிங் பட்டறைக்காரர் சாயங்காலங்களில் வந்து ஒட்டிக் கொடுத்தார். அவரையும் டீச்சர் கேள்வியால் துளைத்தெடுப்பார். இந்த இடத்தில் ஏன் இவ்வளவு கனமான தகடு, இது எதைத் தாங்குகிறது, எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பார். ஒருமுறை பட்டறைக்காரர் என்னிடம், இந்த அம்மாகிட்ட வேலை செஞ்சுட்டு வீட்டுக்குப் போனா என் வண்டிச் சத்தத்தையே சந்தேகமா கேக்குறேன் என்று சொல்லிச் சிரித்தார்.

எடையைக் குறைப்பதில் டீச்சரின் தையல் கைகொடுத்தது. கதவுகளின் இரும்புத் தகட்டை உரித்துவிட்டுக் குழாய்ச் சட்டம் மட்டும் வைத்தார். அதன்மேல் ரெக்சின் துணியை இரண்டு மடிப்பாகச் சாக்கு ஊசியால் தைத்து இழுத்துக் கட்டினார். கூரைக்குப் பந்தல் படுதா. வயர்களை எல்லாம் கித்தான் உறைகளுக்குள் ஓட்டி, எது எந்த வயர் என்று தெரிவதற்காக ஒவ்வொரு உறையின் ஓரத்திலும் ஒரு நிற நூலில் சங்கிலித் தையல் போட்டார். பள்ளியில் பெண்களுக்கு அவர் கற்றுக்கொடுக்கும் அதே தையல். ஒருநாள் அலுவலகத்திலிருந்து வந்தபோது, அவர் காரின் அடியில் படுத்துக்கொண்டு வாயில் ஊசியைக் கடித்தபடி எனக்கு வணக்கம் சொன்னார்.

அந்த முதல் கார் ஓடியது. வெண்ணாற்றங்கரை மண்பாதையில் சார் ஓட்டினார். டீச்சருக்குக் கார் ஓட்டத் தெரியாது, கடைசி வரை கற்றுக்கொள்ளவும் இல்லை. ஓட்டினால் சத்தத்தைக் கேட்க முடியாது என்பார். இடதுபக்கம் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வருவார். ஆனால் டீசலை அளந்து பார்த்தபோது, எந்த லோடு ஆட்டோவிலிருந்து எஞ்சினை எடுத்தார்களோ, அந்த ஆட்டோவே இதைவிடக் கூடுதலாக ஓடியிருக்கும் என்று தெரிந்தது. எனக்கு வருத்தமாக இருந்தது. டீச்சர் முகத்தில் வருத்தமே இல்லை. இஸ்திரிப் பெட்டியின் சூடு பார்ப்பது போலப் புறங்கையால் ஜெனரேட்டரைத் தொட்டார், மோட்டாரைத் தொட்டார், பேட்டரி முனைகளைத் தொட்டார்.

“எங்கெங்க சுடுதோ அங்கெல்லாம் நம்ம டீசல் ஒழுகுது. டீசலக் கரண்டாக்கி, கரண்ட பேட்டரில போட்டு, மறுபடி எடுத்துச் சுத்துறோம். கை மாற மாறச் சிந்துது.”

அப்படியானால் ரயிலில் மட்டும் எப்படி? மறுபடி கேட்டுக்குப் போனார். இரண்டு மூன்று தடவை போன பிறகு அதே எஞ்சின் டிரைவர் அகப்பட்டார். டீசலை மிச்சம் பிடிக்கவா அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று அவர் சிரித்தாராம். அத்தனை பெட்டிகளை கியர் போட்டு இழுத்தால் கியரின் பற்கள் உதிர்ந்துவிடும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு என்றாராம். டீச்சர் மாடிப்படி ஏறி வந்து என்னிடம் இதைச் சொன்னபோது, ஏதோ பரிசு வாங்கியவர் போல இருந்தார்.

“எப்படின்னு கேட்டேன் மேடம். எதுக்குன்னு கேக்காம வந்துட்டேன்.”

அந்த நாட்களில்தான் என்னையும் ஒரு கேள்வி கேட்டார். ஒரு திங்கட்கிழமை காலை, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். முந்தின நாள்தான் என் கணவர் வந்துவிட்டுப் போயிருந்தார். வேறு எதையோ பேசிக்கொண்டிருந்த டீச்சர் சாதாரணமாகக் கேட்டார்.

“உங்க வீட்டுக்காரர் வராத வாரம் நீங்க நல்லா சாப்புடுறீங்க. வந்தா சாப்புடுறதில்ல. அது ஏன் மேடம்?”

குரலில் குத்தல் இல்லை, வம்பும் இல்லை. ஜெனரேட்டர் ஏன் சுடுகிறது என்று கேட்ட அதே குரல். நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பல நாட்கள் அவரோடு சரியாகப் பேசவில்லை. இதையெல்லாம் கேட்க இவர் யார் என்று கொதித்தேன். என் அம்மா கேட்கவில்லை, கூடப் பிறந்தவர்கள் கேட்கவில்லை. அவர் கேட்டதை நான் என்னையே கேட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாமல் போனதுதான் உண்மையான கோபம் என்று பிறகு புரிந்தது. அதற்குக் கிடைத்த பதில் எங்கள் இருவரின் சொந்த விஷயம். பதில் கிடைத்தது என்பதை மட்டும் இங்கே சொல்லலாம். அதன் பிறகு எங்கள் வீட்டில் சில பேச்சுகள் நடந்தன, அவை நடந்தது நல்லதாகப் போயிற்று. டீச்சர் அதை மறுபடி கேட்கவில்லை. நான் என்றைக்குத் திரும்பவும் அவரோடு பேச ஆரம்பித்தேனோ அன்றைக்கு, பேச்சை விட்ட இடத்திலிருந்தே, காரைப் பற்றித் தொடர்ந்தார்.

இரண்டாவது முறை காரை வேறு மாதிரி அமைத்தார். டீசல் எஞ்சின் நேராக முன்சக்கரங்களைச் சுற்றும். மோட்டார் தனியாகப் பின்சக்கரங்களைச் சுற்றும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும் ஊர்ந்து போகும்போதும் மோட்டார் மட்டும் வேலை செய்யும். வண்டி வேகம் பிடித்த பிறகு டீசல் சேர்ந்துகொள்ளும். அப்போது மிஞ்சுகிற சக்தி பேட்டரிக்குத் திரும்பும். ரெண்டு பேரும் அவங்கவங்களுக்கு வர்ற வேலைய மட்டும் பாக்கட்டும் என்றார்.

இந்த வண்டியைச் சாலையில் ஓட்ட அனுமதி கிடைக்குமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் போனார். நானும் கூடப் போனேன். கிடைக்காது என்று அங்கிருந்த ஆய்வாளர் பொறுமையாகவே சொன்னார். ஏன் என்று டீச்சர் கேட்டார். எஞ்சின் மாறியிருக்கிறது, எடை மாறியிருக்கிறது, இது எத்தனை அடியில் நிற்கும் என்று யாரும் சோதித்துச் சான்று தரவில்லை, குறுக்கே ஒரு குழந்தை வந்தால் யார் பொறுப்பு என்றார் அவர். டீச்சர் சண்டை போடவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவர் சொல்றது நியாயம்தான் மேடம், எப்படி ஓடும்னு மட்டும்தான் பாத்தோம், எப்படி நிக்கும்னு பாக்கவே இல்ல என்றார்.

பார்க்கிற நாள் சீக்கிரமே வந்தது. வெண்ணாற்றில் தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்த சமயம். ஒரு சாயங்காலம் கரைப்பாதையில் சார் ஓட்டினார், டீச்சர் பக்கத்தில். நான் ஸ்கூட்டரில் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தேன். திருப்பத்தில் வாத்துக் கூட்டம் ஒன்று வயலிலிருந்து ஆற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சார் பிரேக்கை மிதித்தார். பேட்டரிகள் எல்லாம் பின்னால் இருந்ததால் முன்சக்கரம் மண்ணைப் பிடிக்கவில்லை. வண்டி அப்படியே வழுக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பியது. வாத்துகள் நாலாபக்கமும் பறந்தன. ஒரு கருவேலம் புதரில் மூக்கை நுழைத்துக்கொண்டு கார் நின்றபோது ஒரு முன்சக்கரம் கரையை விட்டு வெளியே இருந்தது. கீழே ஆறு.

நான் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினேன். சார் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். டீச்சர் அவர் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“பிரேக்க எங்க மிதிச்சீங்க? அந்தப் பனமரத்துக்கு முன்னாடியா, தாண்டியா?”

சார் அவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தது போல இருந்தது எனக்கு. பிறகு கிழிந்த ரெக்சின் கதவு வழியாக இறங்கி, கழன்று விழுந்த செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். டீச்சர் சக்கரம் இழுத்த தடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“சாருக்கு எங்கயாவது அடி பட்டுச்சான்னு கேட்டீங்களா டீச்சர்?” என்றேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். தடத்தை அப்படியே விட்டுவிட்டுச் சார் போன திசையில் வேகமாக நடந்தார். பாதி தூரத்தில் அவரை எட்டிப் பிடித்துப் பக்கத்தில் நடப்பது தெரிந்தது. இருவரும் பேசிக்கொண்டார்களா என்று தெரியவில்லை. காரைப் பட்டறைக்காரர் மறுநாள் டிராக்டர் வைத்து இழுத்துவந்தார்.

அதன் பிறகு கார் படுதாவுக்கு அடியில் கிடந்தது. டீச்சர் பள்ளிக்குப் போனார், வந்தார், சமைத்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத டீச்சரோடு இருப்பது, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றுபோன அறையில் இருப்பது போல இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சட்டையை மாற்றாமலேயே சார் போர்ட்டிகோவில் நின்றார். படுதாவைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். பேட்டரிகளை நடுவில், சீட்டுக்கு அடியில் மாற்றினால் வண்டி நேராக நிற்குமா என்று கேட்டார். டீச்சர் பதில் சொல்லாமல் மாடிப்படி ஏறி மூச்சிரைக்க என்னிடம் ஓடிவந்தார்.

“அவர் கேட்டாரு மேடம். அவரா கேட்டாரு.”

பேட்டரிகள் நடுவுக்கு வந்தன. பிரேக்குகளை மன்னார்குடியில் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துப் புதிதாக அமைத்தார்கள். சாலைக்கும் வேண்டாம், ஆற்றங்கரைக்கும் வேண்டாம் என்று முடிவானது. எங்கள் தெருவின் கடைசியில் ஒரு அரிசி மில் இருந்தது. மில் முதலாளி, சாருக்குக் கொள்முதல் நிலைய காலத்துப் பழக்கம். மில்லின் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்கு இருக்கும். களம் காலியாக இருக்கிற நேரம் சுற்றிக்கொள்ளலாம் என்றார் முதலாளி.

அந்தச் சோதனையை நான் மறக்கவே மாட்டேன். ஒரு கண்ணாடிப் புட்டியில் ஒரு லிட்டர் டீசலை அளந்து ஊற்றி, ஸ்டியரிங் பக்கத்தில் கட்டி, அதிலிருந்து எஞ்சினுக்குக் குழாய் விட்டிருந்தார்கள். கிளம்பும்போது பேட்டரி எவ்வளவு இருந்ததோ, முடியும்போதும் அவ்வளவு இருக்க வேண்டும் என்பது டீச்சரின் கண்டிப்பு. குறைந்தால் அந்த அளவுக்குக் கழித்துவிட வேண்டும், வீட்டுக் கரண்டைத் திருடி டீசல் மிச்சம் என்று சொல்லக் கூடாது என்றார். களத்தில் நெல் கிளறும் பெண்கள் வேலை முடித்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். எண்ணும் பொறுப்பை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிட்டிகை நெல்லைச் சிமெண்டில் தனித்தனியாக வைத்துக்கொண்டே போனார்கள்.

சார் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். முதலில் பெண்கள் கேலி செய்தார்கள். அய்யாவுக்குத் தல சுத்தலையா, செக்குல கட்டுன மாதிரி சுத்துறாரே என்று சிரித்தார்கள். புட்டியில் டீசல் பாதிக்குக் கீழே வந்தபோது கேலி நின்றது. ஒவ்வொரு தடவை கார் கடக்கும்போதும் எட்டிப் புட்டியைப் பார்த்தார்கள். நெல் குவியல்கள் களத்தின் ஓரத்தில் வரிசையாக நீண்டுகொண்டே போயின. கடைசியில் எஞ்சின் இருமி நின்றது. டீச்சர் பேட்டரியைப் பார்த்தார். கொஞ்சம் குறைந்திருந்தது, கழித்தார். களத்தின் சுற்றளவால் பெருக்கினார். ஓயாத திருப்பம், நேர்ப்பாதையே இல்லை, இருந்தும் நாற்பது கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

பெண்கள் கைதட்டினார்கள். முதலாளி கணக்குப்பிள்ளையை அனுப்பி எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. முன்னால் போய் மூடியைத் திறந்து கியர் பெட்டியில் புறங்கையை வைத்தார். இங்க இன்னும் சுடுது என்றார். சார் காரைவிட்டு இறங்கவே இல்லை. வேர்த்துக் கொட்ட, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, இன்னொரு லிட்டர் ஊத்து என்றார்.

அதற்குப் பிறகு காரைப் பார்த்துக்கொண்டது சார்தான். முதலாளி அவருக்குக் களத்தில் ஒரு வேலையும் பிடித்துக் கொடுத்தார். பின்பக்கம் ஒரு சின்னத் தள்ளுவண்டியைக் கோத்து, களத்தின் மூலைகளுக்கு டீயும் தண்ணீரும் கொண்டுபோவது, ஈரப்பதம் பார்க்கச் சாம்பிள் நெல் எடுத்துவருவது. காலை பத்து மணிக்கு இஸ்திரிச் சட்டையோடு காரை எடுப்பார். வீட்டிலிருந்து மில்லுக்குள் போகும் மண்வழியில் கார் சத்தமில்லாமல் நகரும். களத்தைத் தொட்ட பிறகுதான் டீசல் குரல் கேட்கும். அவர் பேப்பர் படிப்பது ஒருமுறையாகக் குறைந்தது.

பள்ளி விடுமுறை விட்ட ஒரு சனிக்கிழமை காலை. கீழே இரும்புச் சத்தம் கேட்டு இறங்கிவந்தேன். டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து காரின் முன்பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். தட்டில் நட்டு, போல்ட்டுகள். எதற்காக என்று கேட்டேன். கியர் பெட்டி ஏன் சுடுகிறது என்று பிரித்தால்தான் தெரியும், அதற்கு முழுசாகப் பிரித்தாக வேண்டும், பிரித்ததில் நல்லவற்றை எடுத்து எடை இன்னும் குறைவாக வேறொன்று செய்யலாம் என்றார். கண்ணில் பழைய வெளிச்சம். முடித்துக் கொடுத்த ரவிக்கையைக்கூட, எங்கே சுருக்கம் விழுகிறது என்று பார்த்து அந்த இடத்திலேயே பிரிக்க ஆரம்பிப்பவர் அவர். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

சார் குளித்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். தட்டைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் காரின் கதவைத் திறந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். முன்னால் எஞ்சின் திறந்து கிடக்க, கண்ணாடி வழியாக டீச்சரைப் பார்த்துப் பேசினார்.

“இதுல உக்காந்திருக்குறப்ப நான் டிரைவர். எறங்கிட்டா ரிட்டயர் ஆனவன். நீ பாக்கணும்னா பிரி, நான் வேணாங்கல. ஆனா என்னைய எங்க உக்கார வைக்கப் போறேங்குறதச் சொல்லிட்டுப் பிரி.”

டீச்சர் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டார். சாரைப் பார்த்தார், திறந்து கிடந்த எஞ்சினைப் பார்த்தார், மறுபடி சாரைப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தெருவில் ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போனார்.

“இதப் பிரிக்கல” என்றார் கடைசியில். “வேற ஒரு கூடு வாங்கிக்கிறேன். இது உங்களுது.”

குனிந்து, கழற்றிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்ட ஆரம்பித்தார். சார் இறங்கிவந்து தட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு போல்ட் உருண்டு எங்கேயோ போய்விட்டது. வெள்ளைச் சட்டையோடு அவரும், தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இவரும் முழங்காலிட்டு அதைத் தேடினார்கள். நான் மேலே வந்துவிட்டேன்.

சொன்னபடியே டீச்சர் வேறொரு கூடு வாங்கினார். அந்தக் கார் பாதி வளர்ந்து நிற்கும்போது எனக்குத் திருக்காட்டுப்பள்ளிக்கு மாற்றல் வந்துவிட்டது. இன்னும் முடியவில்லை என்று கேள்விப்படுகிறேன். முடியாமல் இருக்கும்வரை அவருக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் டீச்சரை நினைத்தால் என் கண்ணில் நிற்பது அந்தச் சனிக்கிழமை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நேரம் கடந்துவிட்டிருந்தது, சாரின் சட்டையில் கிரீஸ் தீற்றல். கார் சத்தமில்லாமல் போர்ட்டிகோவிலிருந்து இறங்கி மில்லுக்குப் போகும் மண்வழியில் திரும்பியது. வழக்கமாக அந்நேரம் வாசலில் நின்று, சத்தம் மாறுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கும் டீச்சர் அன்றைக்கு வாசலில் இல்லை. இடதுபக்கச் சீட்டில், மடியில் டீக் கேனைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்க்காமல் நேராக உட்கார்ந்திருந்தார். அவர் சாரிடம் என்னவோ சொல்ல, சார் சிரித்தார். களத்தின் வாசலைத் தாண்டியதும் டீசல் எஞ்சின் கிளம்பியது. டீச்சர் அந்தச் சத்தத்துக்குக் காதுகூடக் கொடுக்கவில்லை.